குரங்கணி – டாப் ஸ்டேஷன்: அந்தச் சரிவில் பழைய பாதை எது?

கேள்வி (ஒரு வாசகர்): மூணாறு மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்து அடிவார ஊரான குரங்கணிக்கு இறங்கும் வழி வெள்ளைக்காரர் காலத்து ரயில் பாதை என்று படித்தேன். ரயில் போடி வரை இறங்கியதாம். தண்டவாளத்தின் மிச்சம் எந்த இடத்தில் கிடைக்கும்? அதைப் பிடித்துக்கொண்டே கீழே வந்துவிட முடியுமா?

நவம்பர் 3, காலை

கிடைக்காது. அந்தச் சரிவில் ரயில் ஓடவே இல்லை. ஓடியது மலைக்கு மேலே, மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை மட்டும். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கியது. 1908-இல் இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதை ஆனது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது.

டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கி ரோப்வே என்ற கம்பிவடத்தில் ஏற்றுவார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் காற்றில் தொங்கியபடியே அவை அடிவாரத்துக் கொட்டக்குடிக்கு வந்து சேரும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். டாப், சென்ட்ரல் என்று மலைமேல் ஸ்டேஷன் பெயர்கள் இருப்பதைப் பார்த்துத்தான் பலரும் ரயிலை நினைக்கிறார்கள். அடிவாரத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் இருந்தது. மேல், நடு, கீழ் என்ற இந்த வரிசை ரோப்வேயினுடையது.

நவம்பர் 3, இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

யூயிங் முறை என்பார்கள். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் எடையில் பெரும்பகுதி அதன்மேல் ஓடும் சிறிய இரும்புச் சக்கரங்களின்மேல் இருக்கும். வண்டி கவிழாமல் இருக்க ஒரு பக்கம் கை நீட்டியதுபோல ஒரு பெரிய சக்கரம், அது பக்கத்து மண்சாலையில் உருளும். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சாதாரண மண்சாலையில் ஒரு ஜோடி மாடு இழுக்கக்கூடிய பாரத்தைப்போலப் பல மடங்கை அதே ஜோடி இதில் இழுக்கும். இரண்டு தண்டவாளங்களைச் சம உயரத்தில் பதிக்கும் செலவும் இல்லை. பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலும் இதே முறைதான். நம் மலையில் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஓடியிருக்கிறது.

இந்த வண்டிக்கு மெதுவான ஏற்றம் வேண்டும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை பள்ளத்தாக்கின் ஓரமாக அப்படி ஒரு வழி எடுக்க முடிந்தது. டாப் ஸ்டேஷன் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு, தண்டவாளம் ஏன் அங்கேயே நின்றுவிட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 4

"அப்படியானால் நாம் நடக்கும் வழி ரோப்வேயின் வழியா?" என்று கேட்கிறார்கள். அதுவும் இல்லை.

கம்பிவடத்துக்கு மேடு பள்ளம் பொருட்டில்லை. தூணுக்குத் தூண் நேராகப் போகும். ஆற்றைத் தாண்டும், பாறையைத் தாண்டும். மனிதக் கால் அப்படிப் போகாது. ஆகவே அந்தச் சரிவில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை மூன்று. ஒன்று, ரோப்வே போன நேர்க்கோடு. இரண்டு, தலைச்சுமைக்காரர்களும் பொதிகுதிரைகளும் போய்வந்த வளைந்து வளைந்து ஏறும் பாதை. மூன்று, காபித் தோட்டக்காரர்கள் தங்கள் வசதிக்குப் பின்னாளில் வெட்டிக்கொண்ட ஊடுவழிகள். மேலிருந்து இறங்குபவர்கள் இந்த மூன்றாவதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பளிச்சென்று துப்புரவாக இருக்கும், ஆள் நடமாட்டம் தெரியும், நம்பிப் போனால் ஒரு தோட்டத்துக் களத்தில் போய் முடிந்துவிடும்.

நான் பழைய பாதை என்று சொல்வது இரண்டாவதை. என் அப்பத்தாவின் பெரியம்மா குடும்பம் மலைக்குப் பிழைக்கப் போனது அந்த வழியில்தான். மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கமிருந்தும் கங்காணிமார் ஆள் சேர்த்து மூணாறுத் தேயிலைக் காடுகளுக்குக் கூட்டிப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் போடியில் இறங்கி, அங்கிருந்து நடந்துதான் மலை ஏறினார்கள். தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. அதைப் பறித்துக் கொடுத்தவர்கள் குழந்தையையும் அண்டாவையும் சுமந்துகொண்டு கால்நடையாக ஏறினார்கள். வரலாற்றுக் குறிப்புகளில் ரோப்வேக்கு ஒரு பத்தி இருக்கும், பாதைக்கு ஒரு வரிகூட இருக்காது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

நவம்பர் 4, பின்மாலை

ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய பாதை என்றதும் தோட்டத்துரைகளிடமிருந்து கணக்கைத் தொடங்கக் கூடாது. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்த மலைகளைப் பெற்றார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே முதுவர் பழங்குடியினர் இந்த மலைகளில் வாழ்கிறார்கள். குரங்கணிக்கு மேலே இருக்கும் முதுவாக்குடி அவர்கள் குடியிருப்பு. மலையில் எங்கே தண்ணீர் வற்றாது, யானை எந்த மாதத்தில் எந்த முகட்டைக் கடக்கும் என்பதைத் தெரிந்து நடந்த கால்கள்தான் முதல் தடத்தைப் போட்டன. அளவைக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்.

நவம்பர் 5

கைபேசி வரைபடத்தில் புள்ளிக்கோடு ஒன்றைக் காட்டி இதுதானா என்கிறார் ஒருவர். அந்தக் கோடு சமஉயரக் கோடுகளை (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகளை) நேராக வெட்டிக்கொண்டு இறங்குகிறது. சுமை தூக்கியவன் நடந்த பாதை அப்படி இறங்காது. நம்பாதீர்கள்.

நவம்பர் 8

பழைய பாதையை எப்படி அடையாளம் காண்பது என்று தொடர்ந்து கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கண்ணைத் தரையில் வையுங்கள், முக்கியமாகப் பாதையின் வெளி ஓரத்தில். செலவழித்துப் போட்ட பாதை என்றால் பள்ளத்துப் பக்கம் கல்லடுக்கு இருக்கும். சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை, வெறும் கல். ஒவ்வொரு கல்லும் கீழ்வரிசையில் இரண்டு கற்களின் சேர்மானத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். அடுக்கு முழுவதும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். இடைவெளியில் சில்லுக்கல் திணித்திருப்பார்கள். சென்ட்ரலுக்குக் கீழே ஒரு திருப்பத்தில் உண்ணிச்செடிப் புதரை விலக்கிப் பார்த்தபோது அப்படி ஓர் அடுக்கு மார்பளவு உயரத்துக்கு நின்றது. பாசி படிந்து பச்சையாகக் கிடந்தது. கையை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஒரு கல்கூட அசையவில்லை. அதற்குப் பத்தடி தள்ளி, பிற்காலத்தில் போட்ட சிமென்ட் தடுப்பு இரண்டாகப் பிளந்து பள்ளத்தில் கிடந்தது. கல்லடுக்கில் மழைநீர் ஊடாக வடிந்துவிடும். சிமென்ட் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி அதைத் தள்ளிவிடும். வடிகால் துளை விடாமல் கட்டினால் இதுதான் கதி.

அடுத்து, பாதையின் குறுக்கே சாய்வாகப் பதித்த கல்வரிசை. தடுக்கி விழுவதற்குக் கிடக்கும் கல் என்று நினைப்போம். மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடி அதை ஓடையாக அரித்துவிடாமல் வெளியே தள்ளிவிடுவதற்காக வைத்தது. ஒரு வரிசையைக் கண்டால் மேலே இன்னொன்று இருக்கும். ஏற்றம் கடுமையாகும் இடத்தில் வரிசைகள் நெருங்கி வரும். மண் மூடிய இடத்தில்கூடக் காலால் தட்டித் தட்டிக் கண்டுபிடிக்கலாம்.

பிறகு திருப்பங்கள். குதிரைக்கும் சுமைக்காரருக்கும் போட்ட பாதையில் திருப்பம் அகலமாக, தட்டையாக இருக்கும். சுமையோடு ஒருவர் நின்று மூச்சு வாங்க, எதிரே வருபவர் ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். ஆட்டுத்தடத்திலும் தோட்டத்து ஊடுவழியிலும் இந்த மரியாதை இருக்காது.

இதனால் என் கட்சி: இந்தப் பாதையை அறிய வேண்டும் என்றால் ஏற வேண்டும். இறங்குபவன் கண் பள்ளத்தாக்கிலும் தன் முழங்காலிலும்தான் இருக்கும். ஏறுபவனுக்குக் கல்வரிசை நேர் முகத்துக்கு வரும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம் என்பதால் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நவம்பர் 8, இரவு

சமவெளியில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்து, பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்த பெண்ணின் நினைவாக வைப்பார்கள். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கவும் ஏற்றவும் அது சரியான உயரம். மலைப்பாதையில் அந்த வேலையைக் கல்லடுக்கின் விளிம்பே செய்கிறது. திருப்பத்தில் அடுக்கு ஏன் இடுப்பளவுக்கு மேல் எழும்பி நிற்கிறது என்று யோசித்திருக்கிறேன். தடுப்புக்காக என்றே நினைத்தேன். சுமையை முதுகிலிருந்து அதன்மேல் வைத்துவிட்டு நிற்கும் ஒருவரைப் பார்த்த பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. இரண்டுக்குமாகவே இருக்கலாம்.

நவம்பர் 9

அந்த ஒருவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சென்ட்ரல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். 2018-க்கு முன்பு நானும் என் மைத்துனரும் போனபோது பொதிகுதிரை ஒன்றை முன்னால் விட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். குதிரை மேல் ஏலக்காய் மூட்டை, அவர் முதுகில் ஒரு சிப்பம்.

"ஒதுங்கி நில்லுங்கள் தம்பி, மலைப்பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் குதிரைக்கு விட்டுவிடுங்கள்" என்றார்.

எனக்கு அது தலைகீழாகப்பட்டது. "அய்யா, குதிரை விழுந்துவிடாதா?" என்றேன்.

"அதற்கு ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியும். மூட்டை உங்கள் மேல் இடித்தால் உங்களுக்கு அது தெரியாது."

பிறகு கூடவே நடந்தார். சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். தோட்டத்துக்கு ஜீப் தடம் வந்தால் கூலி மிச்சம், வரட்டும் என்றுதான் அவரும் மனு கொடுத்திருக்கிறார். ஆனால் ஜீப் வந்த ஊரில் பழைய பாதையை இரண்டு மழைக்கு யாரும் வெட்டிவிடவில்லை என்றால் மூன்றாவது மழையில் அது காடு. வெட்டிவிடுவது என்றால் அரிவாளோடு போய் இருபுறமும் உண்ணிச்செடியைக் கழித்துவிடுவது. சம்பளம் இல்லாத வேலை. நடப்பவர்களே நடந்துகொண்டே செய்வது.

அவர் பாதையைப் பற்றி ஏக்கத்தோடு பேசவில்லை. பாதை அவருக்குத் தேவை, அதனால் வெட்டிவிடுகிறார். தேவை தீர்ந்தால் விட்டுவிடுவார். வாழ்க்கை நடத்துகிறவரிடம் போய், எங்களுக்காக இதைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 10

"ஊர்க்காரர்கள் நடக்கிறார்களே, நமக்கு மட்டும் எதற்கு அனுமதி?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பலர் முதல்முறையாக மலைக்கு வந்தவர்கள். நான் நடந்த அதே மலைத்தொடர், பக்கத்துச் சரிவு. அந்த வாரம் முழுவதும் என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை, நீ போயிருக்கவில்லையே என்று கேட்டு.

அந்தச் சரிவில் இறங்கியவர்களுக்குப் புரியும். இடுப்பளவு, சில இடத்தில் ஆளுயரம் புல். சுக்குநாறிப் புல்லும் அதில் உண்டு. அதன் தைலம்தான் வாசனை, அதே தைலம்தான் எரிபொருளும். தீ மேட்டை நோக்கி ஏறும்போது முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொண்டே வரும். சரிவு கடுமையாக ஆக வேகம் கூடும். எந்த மனிதனும் அதற்கு முன்னால் மேடேறி ஓடித் தப்ப முடியாது. ஊர்க்காரருக்கு எந்த இடத்தில் வெறும் பாறை இருக்கிறது, எந்தப் பக்கம் புல் எரிந்து முடிந்த கருந்தரை, எங்கே ஓடை என்பது தெரியும். வெளியூர்க்காரனுக்குப் பாதை ஒன்றுதான் தெரியும். அதிலும் புகை வந்தால் அதுவும் தெரியாது.

அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களை இணையப் பதிவோடு திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். அனுமதி இருக்கும் இடம் வரை நடங்கள், அதற்கு மேல் ஒரு திருப்பம்கூட வேண்டாம். டாப் ஸ்டேஷனைப் பார்க்க ஆசை என்றால் மூணாறிலிருந்து பஸ் இருக்கிறது.

நவம்பர் 10, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

நவம்பர் 13

எந்த மாதம் நல்லது? மலையின் இரு பக்கமும் இரண்டு வானிலை என்பதை மனதில் வைத்தால் பதில் தானாக வரும். ஜூன் முதல் மூணாறுப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குரங்கணிப் பக்கம் மழைமறைவு. டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்றால் மேற்கிலிருந்து மேகம் வந்து விளிம்பைத் தாண்டிக் கீழே வழியும், நூறு இருநூறு அடி இறங்குவதற்குள் ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும். காற்று கீழே இறங்க இறங்கச் சூடாகி ஈரத்தை விழுங்கிவிடுகிறது. முதுகுப்பக்கம் சாரல், முகத்தில் வெயில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்து மழை. கொட்டக்குடி ஆறு அப்போதுதான் ஆறாக இருக்கும், ஓடைகளைத் தாண்டுவது சிரமம், அட்டை அதிகம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். புல் இன்னும் ஈரமாக இருக்கும், வானம் துடைத்துவிட்டிருக்கும்.

குறிஞ்சிக்காகப் போகிறவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. தீ எடுத்த அதே ஆண்டில்தான் மலை பூத்தது. நான் அந்த முறை போகவில்லை.

நவம்பர் 16

முதல் கேள்விக்கே திரும்ப வருகிறேன். ரயில் போடி வரை இறங்கியது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு ரயில் இருந்தது உண்மை. கீழே போடியிலும் ரயில் இருந்தது உண்மை. கேட்பவர்கள் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டார்கள்.

ஆண்டுகளைப் பாருங்கள். மேலே ரயில் அழிந்தது 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மூணாறு முதியவர்கள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை திறந்தது 1928. மேலே ரயில் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மீட்டர் கேஜ் வண்டியும் அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ரயிலே இல்லாத போடியில் வளர்ந்த பிள்ளைகளிடம் போய் மலைக்கு மேலேயும் ரயில் ஓடியது என்றால் அவர்கள் எதை நம்புவார்கள்! வெள்ளத்துக்குப் பிறகு ரயிலை யாரும் திரும்பப் போடவில்லை. மூணாறில் அந்த ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது, தேயிலைக் கம்பெனி அலுவலகமாக.

நவம்பர் 17

நடந்த வழியை வரைபடத்தில் கோடாகக் காட்டும் வழித்தடப் பதிவு என்னிடம் இருக்கிறது, அதைக் கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். தருவதாக ஒருவரிடம் சொல்லியும் இருந்தேன். ஒரு வாரமாக யோசித்தேன், தரப்போவதில்லை.

கோடு கிடைத்தால் கோட்டைப் பார்த்து நடப்பார்கள். அது போன மழைக்கு முந்தைய பாதை. நடுவில் ஒரு சரிவு விழுந்திருந்தால் கோட்டுக்குத் தெரியாது. அனுமதி எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. காட்டுமாடு குட்டியோடு நிற்கும் புதர் எது என்று வழிகாட்டிக்குத்தான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே வழிகாட்டியாக வரும் பிள்ளைகள் இந்த மலையின் ஊர்களைச் சேர்ந்தவர்கள். பாதை அவர்களுக்கு மாதச் சம்பாத்தியம் ஆனால், ஜீப் தடம் வந்த பிறகும் அரிவாளோடு போய் இருபுறமும் கழித்துவிட ஒரு காரணம் இருக்கும். பெரியவரிடம் கேட்க வாய் வராத காரியம் அப்படி நடக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நவம்பர் 19

சின்னச் சின்னக் கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில். போடியிலிருந்து குரங்கணிக்கு பஸ் உண்டு, முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அடிவாரத்தில் மாவும் இலவமும் நிழல் தரும், அதன் பிறகு வெயில்தான், ஒன்பது மணிக்குள் நிழலைத் தாண்டிவிட வேண்டும். குழந்தைகளைச் சாம்பலாறு வரை கூட்டிப் போகலாம், வழிகாட்டி சரி என்றால். கல்லடுக்கின்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், நூறு மழை தாங்கியது உங்கள் குதிப்பைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. நாயைக் கொண்டுபோக வேண்டாம்.

நவம்பர் 22

ரோப்வேயில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் போடியிலும் கொட்டக்குடியிலும் மூணாறுத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் இருப்பார்கள். வீட்டில் பேச்சு இருந்தால் எழுதுங்கள். எனக்கு வேண்டியது மூன்று விஷயம். நடுவில் சென்ட்ரலில் பெட்டிகளை இறக்கி மாற்றிக் கட்டினார்களா, அப்படியே தள்ளிவிட்டார்களா. மேலே போகும் காலித்தொட்டியில் அரிசி ஏற்றினார்களா. கம்பிவடம் நின்றுபோகும் நாளில் பெட்டிகளை யார் சுமந்தார்கள், எந்தத் திருப்பத்தின் வழியாக. கடைசிக் கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னாலும் அந்தப் பாதையின் பாதிக் கதை கிடைத்துவிடும்.